எட்டு நிமிட மறையுரை

உடல்நலமின்றி வீட்டிலிருக்கும் பாட்டி, "பூசையில சாமியார் என்ன பிரசங்கம் வச்சார்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடிகிறது? "நல்லா இருந்துச்சு" அல்லது "ரொம்ப நீளம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கோவிலுக்கு வர இயலாத அவருக்கு நம் வழியாகச் சேரவேண்டிய இறைவார்த்தை, ஆலய வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். மறையுரை பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 பிப்ரவரி 7 அன்று கூறியவர், 2024 ஜூன் 12 பொது மறைக்கல்வியுரையில் அதை எட்டாகக் குறைத்தார். அதற்குமேல் மக்கள் தூங்கிவிடுகிறார்கள், அவர்கள் செய்வது சரிதான் என்றும் சொன்னார்! நீண்ட மறையுரையில் தூங்கியவர் விவிலியத்திலும் உண்டு. துரோவாவில் பவுல் நள்ளிரவுவரை பேசியபோது, சன்னலில் அமர்ந்திருந்த இளைஞர் யூத்திகு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார் (திப 20:9).

ஆனால் கடிகாரம் மட்டும் போதாது என்பது நம் கருத்து. மூன்று வாசகங்களையும் விளக்கி, அரசியலையும் தொட்டு, இரண்டு கதைகளும் சொன்னால் ஏழு நிமிடமும் நீளமே. 2013இல் வெளியான 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், நல்ல மறையுரைக்கு ஒரு கருத்து, ஓர் உணர்வு, ஓர் உருவகம் வேண்டும் என்கிறார் திருத்தந்தை. இயேசு கடுகு விதையைக் காட்டினார். கேட்டவர்களுக்குத் தெரிந்த விதை அது. நெல்லித்தோப்பில் நமக்கு ஊர்ப் பெயரே உருவகம் தருகிறது. நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்தவருக்குச் சிலுவையையும் உயிர்ப்பையும் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சுருக்கிப் பேசத்தான் அதிக உழைப்பு தேவை. அதே மடல் மறையுரைத் தயாரிப்புக்கு நீண்ட நேரம் ஒதுக்கச் சொல்கிறது. அடக்கத் திருப்பலி, வீடு மந்திரிப்பு, பள்ளி நிர்வாகம், பங்குப்பேரவைக் கூட்டம் என்று வாரம் முழுதும் பங்குத்தந்தையை நாம் இழுத்தடித்தால் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

நம் பக்கமும் குறை உண்டு. நற்கருணைக்குப்பின் நாம் வாசிக்கும் அறிவிப்புகள் சில ஞாயிறுகளில் மறையுரையை மிஞ்சிவிடுகின்றன. திருவிழா நன்றியுரையைச் சொல்லவே வேண்டாம்; பந்தல்காரர் தொடங்கி ஒரு பெயரும் விடுபடாது. ஆகஸ்டு 15 விண்ணேற்பு அன்னை பெருவிழாவுக்கு நம் பங்கு தயாராகும்போது, அந்தப் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாமே.