பனி பெய்யுமாமே?

ரெண்டு வாரமா வீட்ல ஒரே பேச்சு. சன்னிவேல்லயே குப்பை கொட்டுறதா, இல்ல மூட்டையைக் கட்டிகிட்டு மினியாபொலிஸ் போறதா? காலேஜ் தோழன் ஒருத்தன் அங்கே இருக்கான். அவன் கம்பெனியிலயே வேலை கிடைச்சிருக்கு, சம்பளம் கொஞ்சம் கம்மி. மதுரைக்கு போன் போட்டு சொன்னா, அம்மா முதல்ல கேட்டது "அங்கே பனி பெய்யுமாமேப்பா?" இங்கே கூட ஆணி புடுங்குற மக்கள் கேட்டதும் அதேதான். வேற ஒண்ணுமே யாரும் கேக்கல. அதான் கடுப்பு.

குளிர் இல்லேன்னு சொல்லல. 2019 ஜனவரி கடைசியில அங்கே மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போயிருக்கு. நிறைய பனி விழுந்தா தெருவை சுத்தம் பண்ண எமர்ஜென்சி அறிவிப்பாங்க. அன்னிக்கு காரை தப்பான பக்கம் நிறுத்தினா தூக்கிட்டு போயிடுவாங்க. தோழன் முதல் வருஷமே ரெண்டு தடவை தண்டம் கட்டியிருக்கான் :-) ஆனா குளிருக்கு கோட்டு இருக்கு, ஹீட்டர் இருக்கு. டவுன்டவுன்ல கட்டடத்துக்கு கட்டடம் மாடியிலேயே கண்ணாடிப் பாலம் போட்டு, சுமார் 15 கிலோமீட்டருக்கு தெருவுல காலே வைக்காம நடக்கலாம்.

இங்கே வாடகைக்கு என்ன கோட்டு இருக்கு? ஒரு பெட்ரூமுக்கு 3,200 டாலர். அங்கே தோழன் ரெண்டு பெட்ரூமுக்கு 1,900 குடுக்கிறான். சம்பளத்துல குறையிறது இதுலயே சரியாயிடும். சொந்த வீடு பேச்சே வேண்டாம். 2024ல சான் ஹோசே வட்டாரத்துல வீட்டோட நடுத்தர விலை 20 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு.

இந்தப் பணத்தை 'வெயிலுக்குக் குடுக்கிற காசு'ன்னு இங்கே எல்லாரும் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மதுரைக்காரன் வெயிலை காசு குடுத்து வாங்குவானா? நான் கட்டுறது இன்சூரன்ஸ் பிரீமியம்.

2023ல ஒரு காலையில ஒரே மெயில்ல எங்க டீமையே தூக்கினாங்க. எச்1பி விசாவுல இருக்கிறவனுக்கு அதுக்கப்புறம் அதிகபட்சம் 60 நாள்தான். அதுக்குள்ள வேற கம்பெனி மனு போடணும், இல்லேன்னா பெட்டியைக் கட்டணும். தங்கமணி காலண்டர்ல தேதியை அடிச்சுகிட்டே வந்தா. எனக்கு 52வது நாள் வேலை கிடைச்சது, வீட்லேர்ந்து சைக்கிள் போற தூரத்துல. நான் எழுதுறது சிப் வடிவமைக்க உதவுற மென்பொருள். அதுக்கு இந்த ஊர்ல தட்டுறதுக்கு நாலு கதவு இருக்கு. மினியாபொலிஸ் பக்கமும் பெரிய கம்பெனிகள் இருக்கு, டார்கெட், மெட்ட்ரானிக்னு. ஆனா என் வேலைக்கு கதவு கம்மி. இப்ப கிடைச்சிருக்கிறதே மருத்துவக் கருவி சம்பந்தமான வேலை, பாதி புதுசா கத்துக்கணும்.

இதைச் சொன்னா தங்கமணி கேக்கிறா: "அந்த பிரீமியத்தை நீ மட்டுமா கட்டுற?" ஜூலையில எங்களுக்கு குழந்தை. அம்மா ஆறு மாசம் வந்து இருக்கப் போறாங்க, முட்டி வலியோட, ஹால் சோபாவுல. "வேலை போச்சுன்னா அங்கேர்ந்தே இங்கே இன்டர்வியூ குடு. இப்ப பாதி வீடியோலதானே நடக்குது?"ன்னா அடுத்து. பதில் வரல. நாலு கதவும் பக்கத்துல இருந்தாத்தான் தட்ட முடியும்னு நானே நினைச்சுகிட்டு இருந்திருக்கேன்.

அதனால போகலாம்னுதான் படுது, ஒரே நிபந்தனையோட. விலை குறைச்சலா இருக்குன்னு போன உடனே வீடு வாங்கக் கூடாது. கிளம்புற பலருக்கும் வீடுதான் ஆசை. ஆனா 60 நாள் கணக்குல வாழறவன் கையில விக்காத வீடு இருந்தா, சன்னிவேல் வாடகையே தேவலைன்னு ஆயிடும். ரெண்டு வருஷம் வாடகை வீடுதான். தங்கமணி இன்னும் முழுசா ஒத்துக்கல.

தோழன் "ஜூன்ல வந்து ஊரைப் பாரு, ஏரியெல்லாம் அம்சமா இருக்கும்"னான். பொண்ணு பாக்கப் போறப்ப பவுடர் போட்டுத்தானே காட்டுவாங்க? ஜனவரி ரெண்டாவது வாரத்துக்கு எனக்கு மட்டும் டிக்கெட் போட்டாச்சு. கோட்டு மட்டும் கலிபோர்னியாவுல வாங்கித் தொலைச்சிடாதடா, இங்கே துணிக்கு விற்பனை வரி கிடையாதுங்கிறான். ஏர்போர்ட்லேர்ந்து கடைக்குப் போற வரைக்கும் போட்டுக்க, அவனோட பழைய கோட்டோட வந்து நிக்கிறானாம்.