திவால் தீர்ப்பும் வாரிசற்ற கிட்டுகளும்

2025 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் மிசௌரி கிழக்கு மாவட்டத் திவால் நீதிமன்றம், 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தின் சொத்துகளை டிடிஏஎம் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 30.5 கோடி டாலருக்கு விற்க அனுமதித்தது. வாங்கியது, பழைய நிறுவனத்தின் இணை நிறுவனர் ஆன் வோஜ்சிக்கி தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு. முந்தைய சுற்றில் 25.6 கோடி டாலர் கேட்டு முன்னணியில் நின்றது ரீஜெனரான் மருந்து நிறுவனம். கைமாறிய சொத்தில் முதன்மையானது ஏறத்தாழ 1.5 கோடி வாடிக்கையாளரின் மரபணுத் தரவு. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விற்பனையை எதிர்த்து வழக்கிட்டன. வாங்குபவர் பழைய தனியுரிமைக் கொள்கையையே பின்பற்றுவார், தரவை அழிக்கச் சொல்லும் உரிமையும் தொடரும் என்ற உறுதிமொழிகளுடன் விற்பனை நடந்தேறியது.

ஒரே குடும்பப் பெயருடைய ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிடும் குடும்பப் பெயர் ஆய்வை இந்தத் தீர்ப்பு நேரடியாகத் தொடுவது குறைவு. 23அண்ட்மீ எஸ்.டி.ஆர். (மீள்வரிசைக் குறிப்பான்) எண்களைத் தருவதில்லை, சிப்பில் அமைந்த எஸ்.என்.பி.க்களிலிருந்து (ஓரெழுத்து மாற்றங்களிலிருந்து) ஒரு ஹாப்லோகுழுவை, அதாவது தொன்மையான ஆண்வழிக் கிளையை, மட்டும் சொல்லும். ஒரே பெயருடைய இருவரில் ஒருவர் ஆர்1பி, மற்றவர் ஐ1 என்று வந்தால், அவர்களுக்கு 37 குறிப்பான் சோதனை வேண்டாம் என்று குடும்பப் பெயர்த் திட்டத்தின் நிர்வாகி முடிவு செய்யலாம். பயன் அந்த அளவோடு நிற்கிறது. ஆட்டோசோமல் (பால் சாராக் குரோமோசோம்) பொருத்தங்கள் ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் கைகொடுப்பதில்லை. இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவையோ 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நிலைபெற்றவை.

ஆனாலும் தீர்ப்பில் அடங்கிய கொள்கை இத்துறையினருக்கு முக்கியம். மரபணுத் தரவுத்தளம் கடன் தீர்க்க விற்கத்தக்க உடைமையாகக் கொள்ளப்பட்டது. தரவு குறித்துப் பேசும் உரிமை கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. அவர் கையில் தரப்பட்ட பரிகாரமும் ஒன்றுதான், அழித்தல். ஏறத்தாழ 19 லட்சம் பேர் அழிக்கக் கோரியிருந்தனர் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லப்பட்டது. 2023இல் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்த பிறகு அவர்கள் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. ஒரு நோய்க்கூறு ஆய்வுக்கு இந்த இழப்பு மாதிரி எண்ணிக்கையில் ஏற்படும் சரிவு. எஞ்சியவரைக் கொண்டு வேலை நடக்கும். குடும்பப் பெயர் ஆய்வில் அப்படி நடக்காது. அதற்குக் காரணம் ஆய்வின் முறையிலேயே இருக்கிறது.

தனியாக நிற்கும் ஒரு ஒய் ஹாப்லோடைப் (குறிப்பான் எண்களின் தொகுப்பு) ஒரு பெயரின் தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சான்று முழுவதும் ஒப்பீட்டில் பிறக்கிறது. சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே ஹாப்லோடைப் உடையவர்கள் என்று பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வெனும் 2000இல் வெளியிட்டபோது பார்த்தவை நான்கு குறிப்பான்கள். இன்று அந்த நான்கை வைத்து எந்த நிர்வாகியும் இருவரை ஒரே குழுவில் சேர்க்கமாட்டார். சோதனை விற்றவர்களோ அந்தக் கட்டுரையை நெடுநாள் விளம்பரமாக்கினார்கள். டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 2009இல் 40 பிரித்தானியப் பெயர்கள், 1,678 ஆண்கள், 17 குறிப்பான்கள் என்று விரித்த ஆய்வுதான் அடித்தளம். பெயர் அரிதாக இருந்தால் பொது மூதாதை தெரிகிறார். ஸ்மித் போன்ற தொழிற்பெயரில், பெயரே பாராமல் பொறுக்கிய ஆண்களிடம் காணும் பன்மைதான் தெரிகிறது. அட்டன்பரோ போன்ற பெயரில் ஒரே கொத்து மேலோங்கி நிற்பதற்கு ஒரே நிறுவனர் என்பது ஒரு விளக்கம். பல நிறுவனர்களின் வழிகள் அறுந்து ஒன்று மட்டும் தழைத்தது என்பதும் அதே அளவு ஏற்கத்தக்க விளக்கம்.

எத்தனை வழிகள் சோதிக்கப்பட்டன என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகள் சான்று. 2014இல் வெளியான ஆய்வில் ஐந்தாம் பியூஃபோர்ட் கோமகனின் ஆண்வழி வந்த ஐவர் சோதிக்கப்பட்டனர். நால்வர் ஆர்1பி-யூ152, ஒருவர் ஐ. மன்னரோ ஜி. மைட்டோகாண்ட்ரியா அடையாளத்தை உறுதிசெய்தது. காகித வம்சாவளியின் ஆண்வழியில் குறைந்தது இரண்டு இடங்களில் முறிவு உண்டு என்பதை ஒய் காட்டியது. ஐவரில் ஒருவரை மட்டும் சோதித்திருந்தால் அந்த இரண்டாவது முறிவு வெளியே வந்தே இராது. தாழ்நிலங்களில் (பெல்ஜியம், நெதர்லாந்து) மார்ட்டன் லார்மூசோ குழுவினர் 513 இணைகளைக் கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுத் தந்தைமை விகிதம் விவசாயக் குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 1 விழுக்காடாகவும், 19ஆம் நூற்றாண்டு நகர ஏழைகளிடையே ஏறத்தாழ 6 விழுக்காடாகவும் இருந்தது. ஆகவே ஒரு கிளைக்கு ஒரு கிட் (ஒருவரின் சோதனை மாதிரியும் முடிவுகளும்) போதாது. கூடியவரை தொலைவில் பிரிந்த இரண்டு கிட்டுகளாவது வேண்டும்.

இப்படி ஒன்றையொன்று தாங்கும் கிட்டுகள் இன்று பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? ஹூஸ்டனைச் சேர்ந்த ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ என்ற ஒரே தனியார் நிறுவனத்தின் கணினிகளில். குடும்பப் பெயர்த் திட்டங்களைத் தாங்கும் அளவுக்குப் பெரிய ஒய்-எஸ்.டி.ஆர். ஒப்பீட்டுத் தளம் வேறெங்கும் மிஞ்சவில்லை. மிஞ்சாமல் போனது தற்செயல் அன்று. 2014இல் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் ஒய் சோதனையைக் கைவிட்டு, கையிருப்பு மாதிரிகளையும் அழிப்பதாக அறிவித்தது. நான்கு தலைமுறை வம்சாவளியோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்த சோரன்சன் அறக்கட்டளையின் தொகுப்பு, 2012இல் அதே நிறுவனத்திடம் போய், 2015இல் பொதுப் பார்வையிலிருந்து மறைந்தது. 1996இல் ஐடஹோ ஃபால்ஸில் நடந்த கொலையொன்றில், அந்தத் தளத்தில் கிடைத்த முழுமையற்ற பொருத்தத்தை வைத்துக் காவல்துறை குற்றமற்ற ஒருவரைச் சந்தேகித்தது. அது செய்தியான பின்னரே தளம் மூடப்பட்டது. எந்தச் சோதனைக்கூடத்தின் எண்களையும் ஏற்ற ஒய்சர்ச், ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், 2018 மே 24 அன்று மூடப்பட்டது. மூன்று முறையும் ஒரு ஆவணக் காப்பகம்கூட இடையில் வந்து ஒரு பிரதி எடுத்துவைக்கவில்லை.

மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யல்ல. பெயரின்றி வெளியிடப்பட்ட மரபணுத் தொகுதிகளிலிருந்து, ஒய்சர்ச், சோரன்சன் தளங்களின் துணையுடன் ஏறத்தாழ 50 பேரை அடையாளம் காணலாம் என்று யானிவ் எர்லிக் குழுவினர் 2013இல் நிறுவினார்கள். குடும்பப் பெயருக்கும் ஒய்க்கும் உள்ள உறவு வலுவாக இருப்பதனாலேயே அது ஆபத்தும் ஆகிறது. உயிரோடு இருப்பவரின் அச்சத்துக்குச் சட்டம் செவிசாய்ப்பது முறைதான்.

இறந்தவரின் கிட் பற்றிச் சட்டங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதே இவ்விதழ் தொடர்ந்து சுட்டிவரும் குறை. குடும்பப் பெயர்த் திட்டங்களில் முதியவர்கள் மிகுதி. பேரன் ஆய்வு செய்வான்; மாதிரி தருவது தாத்தா. அவருக்கு மகள்கள் மட்டுமே என்றால் அந்த ஆண்வழி அவரோடு முடிகிறது. ஆண்வழி அறுவது அரிய நிகழ்ச்சி அல்ல. 1874இலேயே கால்டனும் வாட்சனும் பெயர்கள் அழிவதைக் கணக்காக எழுதினார்கள். எல்லாப் பெயர்களும் அழிந்தே தீரும் என்ற அவர்கள் முடிவு தவறு, மிகப் பல அழியும் என்பது தவறன்று. கிழக்கு யார்க்ஷயரின் ஓர் அரிய பெயரை உடைய 18 பேரில் ஏழு பேரிடம், மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஏ1 ஹாப்லோகுழு இருப்பதை 2007இல் கிங் குழுவினர் வெளியிட்டார்கள். அவர்களின் வம்சாவளி 18ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே இங்கிலாந்துக்கு வந்த ஓர் ஆப்பிரிக்க ஆணைப் பற்றி எந்தத் தேவாலயப் பதிவேடும் சொல்லவில்லை, ஏழு ஆண்களின் உடல் சொன்னது. அந்தக் கிளைகள் ஒரு தலைமுறை முன்னதாக முடிந்திருந்தால் அந்த வரலாறும் முடிந்திருக்கும். இன்று பல திட்டங்களில் ஒரு கிளைக்குச் சான்றாக எஞ்சியிருப்பது இறந்த ஒருவரின் கிட் மட்டுமே. மறுசோதனைக்கு ஆள் இல்லை. கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. நிறுவனம் கைமாறும்போது புதிய நிபந்தனைகளுக்கு ஒப்புதல் தரவும் யாரும் இல்லை. ஒப்புதல் வராத கணக்கை நீக்குவதே நிறுவனத்துக்கு எளிது.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. ஜிடிபிஆர் இறந்தவருக்குப் பொருந்தாது என்று அதன் 27ஆம் முகவுரைப் பத்தி சொல்கிறது. 160ஆம் பத்தி வம்சாவளி ஆய்வைப் பெயர் சொல்லியே வரலாற்று ஆய்வில் சேர்க்கிறது. அழிக்கும் உரிமையைத் தரும் 17ஆம் பிரிவே, பொதுநல ஆவணக் காப்புக்கும் வரலாற்று ஆய்வுக்கும் விலக்கு அளிக்கிறது. கதவை எழுதிவைத்தவர்கள் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. தன்னார்வலர் நடத்தும் ஒரு பெயர்த் திட்டம் அந்த விலக்குக்குள் எப்படி வரலாம் என்று இரண்டு பக்க வழிகாட்டல் கிடைத்திருந்தால் 2018இன் பீதியில் பாதி குறைந்திருக்கும். பிரித்தானியத் தகவல் ஆணையம் 23அண்ட்மீக்கு 2025 ஜூனில் 23.1 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது; தகும். தரவு கசிந்தால் தண்டிக்க ஓர் அதிகாரி இருக்கிறார். இறந்தவரின் தரவு அழிந்தால் கேட்க ஒருவரும் இல்லை.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே மருத்துவம், நீதிமன்றம், அறிவியல் ஆய்வு ஆகியவற்றுக்கு வெளியே தன் மரபணுவைச் சோதிக்கக் கோருபவருக்கு 3,750 யூரோ வரை அபராதம். 2021இன் உயிரியல் அறநெறிச் சட்டத் திருத்தமும் அதை மாற்றவில்லை. தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல, ஏனெனில் ரீயூனியன் பிரான்ஸின் பகுதி. தமிழகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைதோறும் மாறுவதால் இந்த முறைக்குப் பிடிப்பில்லை. ரீயூனியன், மொரீஷியஸ், நேட்டால் ஆகிய இடங்களில் ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் இயற்பெயர் பதிவேட்டில் உறைந்து பரம்பரைப் பெயரானது. ஐந்தாறு தலைமுறை ஆழம், தெரிந்த கப்பல், ஒப்பந்த எண் என்று ஐரோப்பியத் திட்டங்களில் கிடைக்காத வசதிகள் இங்கே உண்டு. நாயுடு, பிள்ளை போன்ற பட்டங்கள் ஸ்மித்தைப் போல நடக்கும். அரிதான இயற்பெயர் அட்டன்பரோவைப் போல நடக்க வாய்ப்புண்டு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேரின் பதிவேடுகள் இருக்கின்றன. மொரீஷியஸின் பதிவேடுகளை மகாத்மா காந்தி நிறுவனம் காக்கிறது. அந்தக் காகிதத்தோடு ஒப்பிட வேண்டிய ஒய் தரவைக் காக்க ஓர் அலமாரிகூட ஒதுக்கப்படவில்லை. ரீயூனியனில் அறிவியல் ஆய்வுக்கு வெளியே அதைத் திரட்டவே தடை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைத் தனி வகையாகப் பிரிக்கவில்லை; அது குறை. ஆனால் தன் மறைவுக்குப் பின் தன் உரிமைகளைச் செயல்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையை அதன் 14ஆம் பிரிவு தருகிறது. ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் 17ஆம் பிரிவில் நிபந்தனையுடன் விலக்கு உண்டு. ஐரோப்பா மறந்ததை இந்தச் சட்டம் பாதியாவது நினைத்திருக்கிறது.

23அண்ட்மீ தீர்ப்பை இவ்விதழ் எதிர்க்கவில்லை. மருந்து நிறுவனத்தைவிட இலாப நோக்கற்ற அமைப்பு மேல். எனினும் நல்ல வாங்குபவர் வாய்த்தது அதிர்ஷ்டம். அடுத்த திவாலில் அவர் வாய்ப்பார் என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. ஆண்வழியின் கடைசிச் சான்றாக நிற்கும் தரவை, சோதித்தவர் உயிரோடிருக்கையில் தந்த எழுத்து ஒப்புதலின் பேரில், விற்கத்தக்க சொத்திலிருந்து விலக்கிப் பொதுக் காப்பகத்தில் வைக்கச் சட்டம் இடம்தர வேண்டும். அணுகலை 50 ஆண்டுகளோ 100 ஆண்டுகளோ மூடிவைக்கலாம். குடிக்கணக்கெடுப்புப் படிவங்களைப் பிரித்தானியா 100 ஆண்டு மூடிவைக்கிறது, எரித்துவிடுவதில்லை.

அதுவரை திட்ட நிர்வாகிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முதிய உறுப்பினரிடமும் கிட்டின் வாரிசுப் படிவத்தை இந்த ஆண்டே நிரப்பி வாங்குக. ஒப்புதல் கடிதத்தில் மறைவு, நிறுவன விற்பனை, காப்பக வைப்பு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுக. எஸ்.டி.ஆர். எண்களையும் பிக் ஒய் என்ற விரிவான ஒய் சோதனையின் மூலக் கோப்புகளையும் உறுப்பினரே பதிவிறக்கிக் குடும்பத்தில் இருவரிடம் கொடுக்கச் செய்க. கொத்துகளையும் அவற்றிலிருந்து எடுத்த முடிவுகளையும் உயிரோடிருப்பவரின் பெயர் நீக்கி அச்சில் வெளியிட்டு, ஒரு பிரதியை நூலகத்துக்கு அனுப்புக.