வரத்தைப் பாருங்கள்

போன சித்திரை வெயிலில், திருமயம் தாண்டி காரைக்குடி சாலையில், என் ஆர்.எக்ஸ்.100 பைக் மூன்றாவது முறையாக நின்றது. கிளம்பும்போது எந்தக் குறையும் இருக்காது. ஐந்தாறு கிலோமீட்டர் நன்றாக இழுக்கும். வேகம் கூட்டினால் திணறி அணைந்துவிடும். புளியமர நிழலில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி ஓடும்.

அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் பிளக் மாற்றியிருந்தேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினார்கள். கடைசியில், "கார்புரேட்டரே போச்சு சார்" என்றார் மெக்கானிக். புதிது வாங்கிப் போட்டேன். கோளாறு அப்படியே இருந்தது.

அன்று சாலையோரத்தில் அப்பாதான் நினைவுக்கு வந்தார். எங்கள் கிணற்றில் டீசல் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்தில், அது நின்றுபோனால் அவர் கை முதலில் போவது டீசல் டியூப்புக்குத்தான். "வரத்தப் பாக்காம எஞ்சின்ல கை வைக்காதடா" என்பார். புதுக்கோட்டைச் சீமையில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மழை பெய்தும் கண்மாய் நிரம்பவில்லை என்றால், வரத்து வாய்க்கால் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்றுதான் முதலில் போய்ப் பார்ப்போம்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் பக்கத்து டியூப்பை உருவி, காலி பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறந்தேன். தொடர்ந்து ஒழுக வேண்டிய பெட்ரோல் நூலாக வந்து, பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. டேங்க் மூடியைத் திறந்து வைத்தும் மாற்றமில்லை. மூடியைத் திறந்ததும் வேகமாக ஒழுகியிருந்தால், மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஃபில்டரைக் கழற்றிவிட்டு டியூப்பை மட்டும் பிடித்தேன். அப்போதும் வரத்து குறைவுதான். டேப்பிலிருந்து டியூப்பையும் உருவியபோது பெட்ரோல் தாராளமாகக் கொட்டியது. கோளாறு டியூப்பில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த டியூப்பை பிளேடால் நெடுக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே கறுப்பாக, நல்ல டியூப்பாகத்தான் தெரிந்தது. உள்ளே ரப்பர் ஊதி, உரிந்து, நாக்குபோலத் தொங்கியது. அதன் துகள்கள் ஃபில்டருக்குள்ளும் படிந்திருந்தன. வண்டி ஐந்து நிமிடம் நின்றதும் மறுபடி ஓடியதன் காரணமும் புரிந்தது. அந்த நேரத்தில் கார்புரேட்டர் கிண்ணம் சொட்டுச் சொட்டாக நிறைந்துவிடும். நிறைந்தது தீரும்வரை வண்டி ஓடும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது நின்றுபோவதோடு முடிகிற விஷயமும் இல்லை. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் வண்டி மட்டும் இல்லை. ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதுபோன்ற பழைய வண்டிகளில் பால்கேன் கட்டிப்போகிறவர்களும், அவற்றைப் பழவண்டியாக மாற்றியவர்களும் இன்னும் நம் சாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டியின் டியூப்பும் வாஷரும் எத்தனால் கலக்காத பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டவை. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2030-க்கு வைத்திருந்த இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும்; ஈரத்தை இழுக்கும். வண்டி பல நாள் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து துருப்பிடிக்கலாம். என் டியூப் கெட்டதற்கு அதன் வயதும் காரணம்தான். பழியை எத்தனால்மீது மட்டும் போட மாட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. அந்த ஒரு வரி பால்காரருக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஒவ்வொரு பங்க்கிலும் பம்பின்மேல் தமிழில் அதை எழுதி ஒட்ட வேண்டும். எத்தனாலைத் தாங்கும் டியூப் சிற்றூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். பெட்ரோலை மாற்றியவர்களுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

மெக்கானிக் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். டேங்கிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். மூடியின் காற்றுத்துளை, டேப்புக்குள் இருக்கும் சல்லடை, டியூப், ஃபில்டர் என்று வரிசையாகப் பார்த்த பிறகு கார்புரேட்டருக்கு வாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப்பை பெட்ரோலுக்குப் போடாதீர்கள். அது சீக்கிரம் மஞ்சளாகி, விறைத்து, முனையில் வெடிக்கும். பம்ப் வைத்த காருக்கான ஃபில்டரையும் போடாதீர்கள். பைக்கில் டேங்கின் உயரம்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. நெருக்கமான காகித ஃபில்டரைத் தாண்டும் விசை அதற்கு இல்லை. ஃபில்டரின் அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கட்டும். டியூப் மேடேறாமல், மடங்காமல், சிலிண்டர் சூட்டில் படாமல் இறங்கட்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை டியூப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ, பிசுபிசுப்போ, கிளிப் அருகே ஈரமோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து, எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் பீடி நெருப்புகூட இருக்க வேண்டாம். கசியும் டியூப்புக்குக் கீழே இருப்பது கொதிக்கும் எஞ்சின். அதன்மேல் உட்கார்ந்துதான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறோம்.