செடிக்குத் தண்ணி ஊத்த வைஃபை எதுக்கு? பழைய 555 போதுமே!

நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் பால்கனித் துளசி கருகிக் கிடக்கும். அதுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்மார்ட் கருவி வாங்குவது வீண் என்பது என் கட்சி.

1972-ல் சந்தைக்கு வந்த 555 ஐசி இன்றும் பத்துப் பதினைந்து ரூபாய்தான். 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால், ஒருமுறை தூண்டியதும் சுமார் 110 விநாடி பம்ப் ஓடும் (நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம்).

ஆனால் 24 மணி நேர இடைவெளியை அதனிடம் கேட்காதீங்க; பெரிய கெப்பாசிட்டரில் மின்கசிவு, நேரம் தப்பும். அந்த வேலைக்கு சிடி4060. 5.3 விநாடிக்கு ஒரு துடிப்பு என வைத்தால், 16,384 எண்ணி முடிக்க ஏறக்குறைய ஒரு நாள்.

வாளி மட்டும் தொட்டியைவிடத் தாழ இருக்கட்டும். நான் மேலே வைத்தேன். பம்ப் நின்ற பிறகும் குழாய் வழியே தண்ணி இறங்கிக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.