அச்சிடாமல் விட்ட பக்கம்

மதகுருமார் அரசியலில் தலையிடலாமா என்பது பட்டிமன்றங்களுக்கு என்றும் சலிக்காத தலைப்பு. "தலையிட்டால் மந்தை சிதறும்" என்று ஓரணி முழங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் இரண்டாகப் பிளந்த மெதடிஸ்ட் சபையை அவ்வணியினர் சான்றாகக் காட்டலாம். அதே சான்றை நாமும் எடுத்துக்கொள்வோம். அது சொல்லும் தீர்ப்பு வேறு என்பது நம் கருத்து.

மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தையான ஜான் வெஸ்லி அடிமை முறையைத் தயவு தாட்சணியமின்றிக் கண்டித்தவர். 1774-இல் அதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். 1791-இல், இறப்பதற்குச் சில நாட்களே இருந்த வேளையில், அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் வரைந்தார். 1784 கிறிஸ்துமஸ் காலத்தில் பால்டிமோர் நகரில் கூடி அமெரிக்கச் சபையை நிறுவிய அவருடைய சீடர்கள், அடிமைகளை வைத்திருப்போர் அவர்களை விடுவித்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல தொடக்கந்தான்! ஆனால் ஆறு மாத அளவிலேயே அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது.

குதிரையேறி ஊர் ஊராகச் சென்ற போதகர்களுக்குத் தென்னாட்டுத் தோட்ட முதலாளிகள் கதவடைத்தார்கள். முதலாளியைப் பகைத்தால் அடிமைகளிடம் நற்செய்தி சொல்லவும் வழியிராது என்று போதகர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்யானது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அது அவர்களை எங்கே கொண்டு சேர்த்தது? 1808-இல் கூடிய பொது மாநாடு, தென் கரோலினாவுக்கென்று சபைச் சட்டப் புத்தகத்தில் 1000 பிரதிகளை, அடிமை முறை பற்றிய பகுதியை விட்டுவிட்டு அச்சிடக் கட்டளையிட்டது. ஒரே சபை, ஒரே சட்டம், இரண்டு பதிப்பு! 1836-இல் சின்சினாட்டியில் கூடிய மாநாடோ, அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசிய குற்றத்துக்காகத் தன் உறுப்பினர் இருவரைக் கண்டித்தது. பேசுவோர் குற்றவாளிகள் ஆனார்கள். அடிமைகளை வைத்திருந்தோர் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்தார்கள்.

இப்படிக் காத்த ஒற்றுமை 1844-இல் நியூயார்க்கில் உடைந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ மரபுரிமையாலும் மணவுறவாலும் அடிமைகளுக்கு உடைமையாளர் ஆகியிருந்தார். அவர்களில் ஒருத்தி கிட்டி என்னும் பெண். மூதாட்டி ஒருவர் அவளைப் பேராயருக்கு உயில் எழுதி வைத்திருந்தார். பத்தொன்பது வயதானதும் அவள் இசைந்தால் ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் பேராயரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பார்த்தறியாத கண்டத்துக்குத் தன்னந்தனியே போக அவள் மறுத்தாள். அவளைக் கேட்டவர்களும் வெள்ளையர், அவள் விடையை எழுதி வைத்தவர்களும் வெள்ளையர். பேராயரின் தரப்பு அந்த மறுப்பையே அவருக்குச் சாதகமாகக் காட்டியது. பிறந்த மண்ணிலேயே சுதந்திரமாக வாழ விருப்பமா என்று கேட்க ஜார்ஜியாவின் சட்டம் இடந்தரவில்லை. மாநாட்டில் நாட்கணக்கில் வாதிட்டவர்கள் யாவரும் ஆண்கள், போதகர்கள். நம் மேல் வகுப்பு மாணவியரைவிட ஓரிரண்டு வயதே மூத்தவளாக இருந்தபோது அந்தக் கேள்விக்கு நின்ற அவளுடைய குரல் அங்கே ஒலிக்கவில்லை.

அடிமைகளோடு உள்ள தொடர்பு நீங்கும்வரை அவர் தம் பணியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சுமார் 110 பேர் வாக்களித்தனர். எதிர்த்தோர் 70க்கும் குறைவு. தென்னவர் பிரிந்து 1845-இல் லூயிவில் நகரில் தனிச் சபை கண்டனர். பிரஸ்பிட்டேரியன் சபை 1837-லேயே பிளந்திருந்தது. பாப்டிஸ்ட் சபையும் 1845-இல் பிளந்தது. நாட்டைப் பிணைத்த கயிறுகளில் முதலில் அறுந்த சமயக் கயிறு மெதடிஸ்ட் சபையே என்று 1850-இல் செனட் சபையில் எச்சரித்தவர் கால்ஹூன். அவரே அடிமை முறையின் பெரிய வழக்கறிஞர்! நோயுற்றிருந்தமையால் அவர் உரையை வேறொருவர் வாசித்தார்.

எல்லைப்புற மாநிலங்களில் போதகர் பாடு பெரும்பாடாயிற்று. வடக்குச் சபையின் போதகர் ஆண்டனி பியூலி, அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டினார் என்ற பழியின் பேரில் 1860 செப்டம்பரில் டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கும்பலால் தூக்கிலிடப்பட்டார். டென்னசியின் பிரவுன்லோ இன்னொரு விதம். மெதடிஸ்ட் போதகரும் பத்திரிகையாளருமான அவர் அடிமை முறையை ஆதரித்தார். ஆனால் நாட்டைப் பிளப்பதை வெறுத்தார். அதற்காக 1861-இல் சிறை சென்றார். மனிதரை வடக்கு, தெற்கு என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது போலும்.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை அங்கே பிளவுபடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல நமக்கு நா எழவில்லை. மேரிலாந்தின் சேசு சபையார் 1838-இல் 272 அடிமைகளை விற்றனர். அதில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது. மறு ஆண்டே திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்து மடல் விடுத்தார். அம்மடலுக்குப் பின்னும் அமெரிக்க ஆயர்கள் பெரும்பாலும் மௌனமே காத்தனர்.

ஆகவே, 1844-இல் பேசியதால் மந்தை சிதறியது என்போரோடு நாம் உடன்படவில்லை. 1785 முதல் வாய் திறக்காமல் வளர்த்த பிளவு 1844-இல் வெளியே தெரிந்தது, அவ்வளவே. தொடக்கத்தில் சபை சிறியது.  அன்று விதியைக் காத்திருந்தால் சில குடும்பங்களை இழந்திருப்பார்கள். 1861-இல் தொடங்கிய போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு படைகளிலும் மெதடிஸ்ட் போதகர்கள் செபம் சொன்னார்கள்.

பிரிந்த சபைகள் 1939-இல் மீண்டும் இணைந்தன. அப்போதும் கறுப்பின மக்களின் சபைகள் தனி நிர்வாகப் பிரிவாக ஒதுக்கி வைக்கப்பட்டன. அப்பிரிவு கலைக்கப்பட்டது 1968-இல்.