ஜெல்லிமீன் புரதத்தில் எரியுமா நம்ம வீட்டு எல்.இ.டி?

உங்க ரூம்ல எரியும் வெள்ளை எல்.இ.டி-க்குள்ளே இருப்பது உண்மையில் நீல விளக்குதான்! மேலே பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குது. அந்த பாஸ்பருக்கு யிட்ரியம், சீரியம் போன்ற அரிய மண் தனிமங்கள் வேணும். யிட்ரியம் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு போட்டதும், ஒரே நாட்டை நம்பியிருப்பது எவ்வளவு சிக்கல்னு உலகத்துக்குப் புரிஞ்சது. சுரங்கத்தால் நிலமும் நீரும் கெடுவது தனிக்கதை.

மாற்று? ஜெல்லிமீனில் 1962-ல் பிரித்தெடுத்த ஒளிரும் புரதம். நீல ஒளியை வாங்கி, பச்சையாகத் திருப்பித் தரும். இதே வகையில் மஞ்சள், சிவப்புப் புரதங்களும் உண்டு. பாக்டீரியாவிலேயே வளர்த்துக்கலாம். ஜெர்மனியில் ரூபன் கோஸ்டா குழு இவற்றை ரப்பர் மாதிரியான பாலிமரில் கலந்து, 2015-லேயே வெள்ளை எல்.இ.டி-யை எரியவைத்தது.

வில்லன், சூடு. வெந்த முட்டையின் கதிதான் புரதத்துக்கும். இதில் கொடுமை, ஒளிரும்போது புரதமே கொஞ்சம் சூட்டைக் கிளப்புது! பூச்சை சிப்பிலிருந்து தள்ளி வெச்சா ஆயுள் கூடுது. ஆனா, வருஷக்கணக்கில் உழைக்கும் பல்போடு மோத அது பத்தாது. அதனால, இப்போதைக்கு கடையில் தேடாதீங்க.