நாளைக்கு என்ன வேலை, இன்றைக்கு என்ன முடிந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது வாசித்தால் போதும்.

நம்ம நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகள். 2011 கணக்கெடுப்பிலேயே இரண்டேகால் லட்சம் பேர் இருந்த ஊர். மாநகராட்சி ஆன நாள் முதல் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். புதுப் பாலம் எப்போது, புதுக் குடிநீர்த் திட்டம் எப்போது, பூமி பூஜைக்கு யார் வந்தார்கள் என்பதே பேச்சு. புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊர் நன்றாக இருப்பதும் நாறிப்போவதும் திறப்பு விழாவில் முடிவாவதில்லை. தினமும் காலையில் எந்த ஓடையைக் கோருகிறார்கள், எந்தக் குழாய்க் கசிவை அடைக்கிறார்கள், எந்தத் தெருவிளக்கை மாற்றுகிறார்கள் என்பதில்தான் முடிவாகிறது. அந்த அன்றாட வேலைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும், அந்த ஒழுங்கு மக்கள் கண்ணில் பட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ரோட்டில் பள்ளம் விழுந்தால் நம்ம ஆட்கள் "பி.டபிள்யூ.டி.காரன் என்ன செய்கிறான்?" என்பார்கள். பொதுப்பணித் துறையின் வேலை இப்போது பெரும்பாலும் அரசுக் கட்டடங்கள்தான். அணை, குளம், சானல் எல்லாம் 2021-இல் தனியாகப் பிரிந்த நீர்வளத் துறையிடம் போய்விட்டன. பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் பொறுப்பு. பெரிய குடிநீர்த் திட்டங்களைக் கட்டுவது குடிநீர் வடிகால் வாரியம். தெரு ரோடு, ஓடை, தெருவிளக்கு, குப்பை, வீட்டுக்கு வரும் தண்ணீர் ஆகியவை மாநகராட்சிக்கு. ஆக, ஒரே தெருவில் நாலு துறை மண்வெட்டியோடு நிற்கலாம். தோண்டுவதற்கு நாலு பேர் உண்டு, மூடுவதற்குத்தான் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

போன மழைக்கு எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளம் தோண்டி, மண்ணைப் பாதி தள்ளி, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மழைத்தண்ணீர் நிறைந்ததும் ரோடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்கா கூடையோடு அதில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் வியாபாரம் இல்லை. தோண்டியது எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. கேட்டபோது ஒரு அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது, அது ஒப்பந்தக்காரரைக் கைகாட்டியது என்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தை மூட ஒரு வண்டி மண்ணும் இரண்டு ஆளும் அரை நாளும் போதும். பணமோ தொழில்நுட்பமோ தடையாக இருக்கவில்லை. "இன்றைக்கு இந்தப் பள்ளத்தை மூட வேண்டியது இன்னார்" என்று எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நோட்டு என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். டீச்சருக்கு எல்லாமே நோட்டுதான் என்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நாங்கள் ஆசிரியப் பயிற்சியில் முதலில் படித்தது பாடக்குறிப்பு எழுதத்தான். அடுத்த வாரம் என்ன நடத்தப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடத்தி முடித்ததைப் பணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். இன்ஸ்பெக்சனுக்கு வருகிற அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். திட்டம் ஒன்று, நடந்தது ஒன்று என்றால் அங்கேயே கேள்வி வரும். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், இரண்டு லட்சம் பேர் குடிக்கிற தண்ணீருக்கும் நடக்கிற ரோட்டுக்கும் வேண்டாமா?

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. ஏறத்தாழ 1,900 வருடங்களுக்கு முன்பு ரோமாபுரியில் ஃபிரான்டினஸ் என்று ஒருவரை, கி.பி. 97-இல், நகரத்துத் தண்ணீருக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அவர் தன் வேலையைப் பற்றி எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. அவரிடம் இரண்டு பிரிவாக 700 ஆட்கள். ஒரு பிரிவில் 240 பேர், இன்னொன்றில் 460 பேர். தொட்டி காவலர், சுற்றிப் பார்த்து வருகிறவர், தெருக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்கிறவர், பூச்சு வேலைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் தனி வேலை. கல்லைப் பெயர்க்கிறவரே பதிக்கவும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அவர் பொறுப்பேற்றபோது அந்த ஆட்களில் பலரைத் தனியார் வேலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவர் செய்தது இரண்டே காரியம். எந்தக் கூட்டம் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று முந்தின நாளே எழுதினார். அன்றன்றைக்கு என்ன செய்தார்கள் என்று பதிவேட்டில் ஏற்றினார். நம்ம பாடக்குறிப்பும் பணிப் பதிவேடும் அல்லாமல் வேறென்ன?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதும் அல்ல. பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. ஜூன் 1-ஆம் தேதி பாசனத்துக்குத் திறந்து பிப்ரவரி 28-இல் அடைப்பது இங்கே வழக்கம். அடைத்திருக்கிற அந்த மூன்று மாதம்தான் சானல் தூர்வாரவும் மதகு பழுதுபார்க்கவும் நேரம். அந்த நேரத்தில் வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று கடைமடை விவசாயியைக் கேளுங்கள். அனந்தனார் சானலில் ஓரிடத்தில் மண் சேர்ந்தால், பாதிப்பு அந்த இடத்தில் தெரியாது. கடைசி வயலில்தான் தெரியும். நகரத்து ஓடையும் அப்படித்தான். மேட்டுத் தெருவில் அடைத்த பிளாஸ்டிக் பை, பள்ளத் தெரு வீட்டுக்குள் தண்ணீரை விடும். 2021 மழையில் இந்த மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு முக்கடல் அணை. அதன் உயரம் 25 அடி. கோடையில் பத்திரிகையில் "முக்கடல் மைனஸ்" என்று செய்தி வரும். அது போதாது என்றுதான் புத்தன் அணையிலிருந்து குழாய் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் தெருக் குழாய் ஓட்டையாக இருந்தால் எத்தனை அணையிலிருந்து கொண்டுவந்து என்ன பயன்? கசிவு இருக்கிற இடத்தைத் தேடித் தினமும் நடக்கிற ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. நம் ஊரில் பாதாளச் சாக்கடைக்காக எத்தனை தெருவைத் தோண்டினார்கள் என்று உங்களுக்கே தெரியும். குழாய் பதித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். எந்தத் தெருவில் அடைப்பு அடிக்கடி வருகிறது, எந்த மூடி உடைந்திருக்கிறது, இயந்திரம் கடைசியாக எப்போது போனது என்று தினமும் எழுதி வைக்காவிட்டால் ஒரு நாள் அவசரம் வரும். அவசரத்தில் "யாராவது இறங்குங்கப்பா" என்ற குரல் வரும். மனிதனைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதைத் தடுக்க 2013-இலேயே சட்டம் வந்தது. இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இருந்தும் நம் நாட்டில் சாவு நிற்கவில்லை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஆளைக் காப்பாற்றுவது அன்றாடப் பராமரிப்பு.

"டீச்சர், ஆளும் இல்லை, பணமும் இல்லை, நோட்டை வைத்து என்ன செய்ய?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அதே அலுவலகங்களில் வேலை பார்க்கிற என் மாணவர்களே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பணி ஆய்வாளர் ஒருவருக்குப் பல வார்டுகளைக் கொடுத்தால் அவர் எங்கே ஓடுவார்? ஆனால் ஆள் போதாது என்பதை நிரூபிக்கவும் அதே நோட்டுதான் வேண்டும். "பத்து வேலை திட்டமிட்டோம், நாலுதான் முடிந்தது, ஆறுக்கு ஆள் இல்லை" என்று மாதக்கணக்கில் எழுத்தில் இருந்தால், மேலே இருக்கிறவர் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்கிற குறைக்கு யாரும் பணியிடம் ஒதுக்க மாட்டார்கள். நேர்மையாக வேலை செய்கிற ஊழியருக்கும் அந்த நோட்டே பாதுகாப்பு.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு வார்டிலும் ஒரு பலகை வையுங்கள். நாளைக்கு என்ன வேலை, யார் பொறுப்பு, நேற்று எழுதியதில் எது முடிந்தது, முடியாததற்கு என்ன காரணம் என்று நாலு வரி அதில் இருக்கட்டும். ரோட்டைத் தோண்டுகிற எந்தத் துறையும் மூடுகிற தேதியை அந்தப் பலகையில் எழுதிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

இதைக் கேட்க நமக்கு இடமும் இருக்கிறது. நகரங்களில் வார்டு அளவில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி கூட ஆரம்பித்தன. 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே நவம்பர் 1-இல்தான். அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள், போங்கள். புதுத் திட்டம் பற்றி ஒரு கேள்வி கேட்டால், போன மாதத்து வேலைப் பதிவேடு பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அதன்படி காகிதத்தின் நகலை மட்டுமல்ல, நடக்கிற வேலையையே நேரில் பார்வையிடவும் கேட்கலாம். பொருளின் மாதிரியைக்கூட எடுக்கலாம்.

கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். வெயிலில் ஓடைக்குள் நிற்கிறவரிடம் கத்தாதீர்கள். அவர் நோட்டு எழுதுகிறவர் இல்லை. எழுத வேண்டியவர் ஃபேனுக்குக் கீழே இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். நம் வீட்டுப் படியை ஓடைக்கு மேலே நீட்டிக் கட்டிவிட்டு, "ஏன் கோரவில்லை?" என்றும் கேட்காதீர்கள். மூடிக்கிடக்கிற ஓடையை எப்படிக் கோருவது?

மக்களே, அந்தந்த அலுவலகத்தில் இருக்கிற என் பிள்ளைகள் யாராவது நாளைக்கே ஒரு வார்டில் இதை ஆரம்பித்துப் பாருங்கள். பலகையை ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் நான் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்